பீடி, வேப், உறக்கம்: விழுப்புரத்திலிருந்து ஓர் ஒப்பாய்வு

காணை ஒன்றியத்து ஊர்களில் இரவு முழுக்கத் தூங்கக் கிடைப்பதே பலருக்கு அரிது. கரும்புக்கும் நெல்லுக்கும் ராத்திரியில் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போய் டிராக்டரோடு விடிய விடியக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். விழுப்புரம் போய் ரயிலோ பேருந்தோ பிடித்து, சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் புதுச்சேரியிலும் ஷிப்டு பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கண் விழிக்கத் துணையாக மூத்தவர்கள் கையில் பீடி; இளையவர்கள் கையில் சிகரெட்; அவர்களில் சிலர் கையில் இப்போது வேப் எனப்படும் மின்சிகரெட். வேலை முடிந்து பாயில் சாய்ந்த பிறகும் அந்தத் துணை அவர்களை விடுவதில்லை.

இவை பற்றி மூன்று நம்பிக்கைகள் புழக்கத்தில் உள்ளன. ‘பீடி இலையும் தூளும்தானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை’ என்பது ஒன்று. ‘வேப்பில் புகையே இல்லை, அதனால் தீங்கும் இல்லை’ என்பது இரண்டு. ‘ஒரு தம் இழுத்தால்தான் தூக்கம் வரும்’ என்பது மூன்று. மூன்றாவதில் மட்டும் தாத்தாவும் பேரனும் ஒத்துப்போகிறார்கள். பழைய புகையையும் புதிய ஆவியையும் அருகருகே வைத்து, உறக்கத்துக்கும் உடல் மன நலத்துக்கும் அவை என்ன செய்கின்றன என்று பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகத் தெரிகிறது. நுரையீரலைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு. உறக்கத்தைக் கேட்டால் இரண்டும் ஒன்று. சில வகையில் புதியது உறக்கத்துக்கு இன்னும் நெருக்கமான பகை.

இரண்டு பொருள்கள்

பீடி என்பது தெண்டு இலையில் சுருட்டிய புகையிலைத் தூள். ஒரு சிகரெட்டில் ஏறத்தாழ முக்கால் கிராம் புகையிலை இருந்தால், பீடியில் கால் கிராம்கூட இருக்காது. இந்தச் சிறிய அளவுதான் ‘கெடுதல் குறைவு’ என்ற எண்ணத்துக்குக் காரணம். ஆனால் தெண்டு இலை சிகரெட் காகிதம்போல் காற்றை உள்ளே விடாது. கங்கு அணையாமல் இருக்க வேண்டுமானால் அடிக்கடி, ஆழமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் நிக்கோட்டினும் சிகரெட்டை விடக் குறையாமல், பல அளவீடுகளில் அதை விடக் கூடுதலாகவே உள்ளே போகின்றன. 2016-17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 7.7 விழுக்காட்டினர் பீடியும், 4 விழுக்காட்டினர் சிகரெட்டும் பிடிப்பதாகத் தெரியவந்தது. இந்தியாவின் புகை என்றால் அது முதலில் பீடிப் புகைதான்.

வேப்பில் எதுவும் எரிவதில்லை. ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், கொஞ்சம் திரவம், அவ்வளவுதான். புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், நிக்கோட்டின் ஆகியவை கலந்த திரவம் சூடாகி ஆவித்துளிகளாக வருகிறது. சீனாவைச் சேர்ந்த மருந்தாளுநர் ஹோன் லிக் 2003இல் உருவாக்கிய கருவிதான் இன்றைய வடிவங்களுக்கு முன்னோடி.

விற்கும் விதத்திலும் இரண்டும் எதிரெதிர். பீடிக்கட்டு பெட்டிக்கடையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வெளிப்படையாகக் கிடைக்கும். வேப்பை எந்தக் கடையிலும் வெளிப்படையாக விற்க முடியாது. தமிழ்நாடு அரசு 2018இல் அதைத் தடைசெய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டமும், அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமும் வந்தன. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனாலும் செய்தி சட்டத்தைவிட வேகமாகப் போகிறது. 2016-17இல் இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு மூவர்தான் மின்சிகரெட் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிருந்தார்கள். 2019இல் 13 முதல் 15 வயது வரையிலான பள்ளி மாணவரிடம் கேட்டபோது நூற்றுக்கு 28 பேர் கேள்விப்பட்டிருந்தார்கள், 2.8 விழுக்காட்டினர் ஒருமுறையாவது பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். பெற்றோர் பெயர்கூட அறியாத பொருளைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். அதனால் பீடியைக் கண்டதும் ‘தூக்கிப் போடு’ என்று சொல்லத் தெரிந்த வீட்டில்கூட, பேனாவைப்போலத் தோன்றும் ஒன்றைப் பார்த்து என்ன கேட்பது என்று தெரிவதில்லை.

ஒன்றுக்குச் சாட்சி உண்டு

பீடி சிகரெட்டின் தீங்கை அறிய நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வுகளில் ஒன்று இந்த மண்ணிலேயே நடந்தது. 1990களின் பிற்பகுதியில் சென்னை நகரத்திலும், அன்றைய பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தின் கிராமங்களிலும், இறந்துபோனவர்களின் வீடுகளைத் தேடிக் களப்பணியாளர்கள் போனார்கள். கடைசி நாட்களில் என்ன தொல்லை இருந்தது, இருமல் எத்தனை நாள், பீடி பிடித்தாரா, சிகரெட்டா என்று வீட்டாரிடம் கேட்டு எழுதினார்கள். சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் அவர்களது குழுவினரும் 43,000 ஆண்களின் மரணங்களை, உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2003இல் லான்செட் இதழில் வெளியாயின.

நகரத்தில், 25 முதல் 69 வயதுக்குள் புகைப்பவர்களின் இறப்பு விகிதம் புகைக்காதவர்களைப்போல் இருமடங்கு. காசநோயில் மட்டும் நாலரை மடங்கு. நகரமும் கிராமமும் ஒரே திசையில்தான் சாட்சி சொன்னன. இந்தியாவில் ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகைப்பழக்கம் ஒரு காரணம் என்று அந்தக் குழு முடிவு கண்டது. பீடியோ சிகரெட்டோ, புகைப்பவர்களில் கால்வாசிப் பேர் அந்த நடுவயதுக்குள்ளேயே அதனால் இறப்பார்கள். அப்படி இறப்பவர்கள் சராசரியாக 20 ஆண்டு வாழ்வை இழக்கிறார்கள். 2008இல் நாடு முழுவதற்கும் வந்த இன்னோர் ஆய்வு, பீடி பிடிக்கும் ஆண்கள் சுமார் 6 ஆண்டு, பீடி பிடிக்கும் பெண்கள் சுமார் 8 ஆண்டு, சிகரெட் பிடிக்கும் ஆண்கள் சுமார் 10 ஆண்டு ஆயுளை இழப்பதாகச் சொன்னது. ‘பீடி பரவாயில்லை’ என்ற முதல் நம்பிக்கைக்கு விடை இதுதான்.

காசநோயை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அது உறக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கும் நோய். விடாத இருமல், மாலைக் காய்ச்சல், துணி நனையும் இரவு வியர்வை ஆகியவை அதன் அடையாளங்கள். நுரையீரலைக் காக்கும் நுண்மயிர்களையும் கிருமி விழுங்கும் செல்களையும் புகை பலவீனமாக்குவதால் நோய் தலைதூக்குகிறது. உறக்கம் கெட்டது பீடியால் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருமலால் என்றுதான் சொல்வார்கள். அந்த இருமலுக்கு வழி திறந்தது பீடி.

வேப்புக்கு இப்படியொரு சாட்சி இல்லை. அது வந்து 20 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. புகையிலை 30, 40 ஆண்டுகளில் செய்வதை வேப் செய்யுமா என்று பார்க்க, அத்தனை ஆண்டுகள் அதைப் பயன்படுத்திய தலைமுறையே இன்னும் உருவாகவில்லை. கணக்கில் மரணம் இல்லை என்பதால் தீங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உறக்கத்துக்கு இத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. உறக்கத்தின் கணக்கு அன்றன்றைக்கு இரவே தெரிந்துவிடும்.

இரண்டிலும் இருப்பது

இரண்டையும் இணைக்கும் பொருள் நிக்கோட்டின். இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் அது மூளையைத் தொட்டுவிடும். விழிப்பைத் தூண்டும் நரம்பு வாயில்களை அது திறக்கிறது. இதயத் துடிப்பு ஏறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, கவனம் கூர்மையாகிறது. கண் விழிக்க வேண்டியவருக்கு அது உதவுவதுபோலத் தோன்றுவது இதனால்தான். படுக்கப்போகும்போது இழுத்தாலும் அது அதே வேலையைத்தான் செய்யும். மூளையை விழிக்கச் சொல்லிவிட்டுத் தலையணையில் தலையை வைத்தால் தூக்கம் தள்ளித்தான் போகும்.

பிறகு ஏன் ஒரு தம் இழுத்ததும் ஆசுவாசமாக இருக்கிறது? உடலில் நிக்கோட்டினின் அளவு சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய எரிச்சல், படபடப்பு, எதிலும் மனம் ஒட்டாத நிலை வரும். அடுத்த இழுப்பு அந்தத் தொல்லையை நிறுத்துகிறது. தொல்லை நின்ற நிம்மதியைத் தூக்கம் தரும் மருந்தாக எண்ணிக்கொள்கிறோம். அந்தத் தொல்லையை உண்டாக்கியதும் முந்தைய இழுப்புதான்.

இரவில் இதே கணக்கு இரண்டு பக்கமும் அடிக்கிறது. படுத்த முதல் சில மணி நேரம் நிக்கோட்டின் மூளையை விழிப்பில் வைக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு அதன் அளவு இறங்கியதும் உடல் அடுத்த இழுப்பைக் கேட்கத் தொடங்குகிறது. முன்னிரவில் தூக்கம் தாமதமாகிறது, பின்னிரவில் தூக்கம் உடைகிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரின் உறக்கத்தை அவரவர் வீட்டிலேயே கருவி பொருத்திப் பதிவுசெய்த ஆய்வொன்று 2006இல் வெளியானது. புகைப்பவர்கள் தூங்கிப்போகச் சராசரியாக 5 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். மொத்தத் தூக்கத்தில் 14 நிமிடம் இழந்தார்கள். ஆழ்ந்த தூக்கம் குறைந்து மேலோட்டமான தூக்கம் கூடியிருந்தது.

14 நிமிடம் சின்ன இழப்பாகத் தெரியலாம். அதே ஆய்வாளர்களில் சிலர் 2008இல் புகைப்பவர் 40 பேரையும் புகைக்காதவர் 40 பேரையும் எடுத்து, தூங்கும்போது மூளை அலைகளைப் பதிந்து பார்த்தார்கள். ‘தூங்கி எழுந்தும் ஓய்வெடுத்த மாதிரி இல்லை’ என்று சொன்னவர்கள் புகைக்காதவர்களில் 2 பேர். புகைப்பவர்களில் 9 பேர். மணிக்கணக்கு ஒன்றாக இருந்தாலும் தூக்கத்தின் தரம் ஒன்றாக இல்லை. காலையில் வெட்டரிவாளையோ வண்டியின் ஸ்டீயரிங்கையோ பிடிக்கப் போகிறவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட வேறுபாடு.

நிக்கோட்டினுக்கு ஒருவர் எவ்வளவு கட்டுப்பட்டிருக்கிறார் என்பதை அறிய, சுவீடன் நாட்டு உளவியலாளர் ஃபாகர்ஸ்ட்ராம் பெயரில் உலகம் முழுக்க ஒரு சிறிய கேள்வித்தாள் வழக்கத்தில் உள்ளது. அதில் ஒரு கேள்வி: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் முழு மதிப்பெண். பாயை விட்டு எழும் முன்பே கை தேடுகிறது என்றால், இரவு முழுக்க உடல் அதற்காகக் காத்திருந்தது என்று பொருள். தேடுவது பீடிக்கட்டை என்றாலும் தலையணை அடியில் கிடக்கும் வேப்பை என்றாலும் அந்தக் காத்திருப்பு ஒன்றேதான்.

புகையில் மட்டும் இருப்பது

புகையிலை எரியும்போது 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோய் விளைவிப்பவை. எரிதல் இல்லாததால் வேப்பில் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை அல்லது மிகமிகக் குறைவு. இந்த வேறுபாடு உண்மையானது, மறைக்கக் கூடாதது.

கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு இருந்தால் அது பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்கு இழுத்த பீடிகளின் பாதிச் சுமை நள்ளிரவு 1 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். தொண்டையும் மூக்கும் புகையால் வீங்கியிருப்பதால் குறட்டையும், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் புகைப்பவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. நாள்பட்ட மூச்சிரைப்பு நோய் வந்துவிட்டால் படுக்கவே முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியலைப் பார்க்கும் முதியவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

புகை இன்னொரு வேலையும் செய்கிறது. அதை அறிந்தவர் குறைவு. புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, தேநீர் காப்பியில் உள்ள காஃபினை வேகமாகக் கரைக்கச் செய்கின்றன. நிக்கோட்டினுக்கு இதில் பங்கில்லை. இது புகையின் வேலை மட்டுமே. அதனால் பீடி பிடிப்பவர் நாளுக்கு ஐந்தாறு டீ குடித்தாலும் காஃபின் உடலில் அதிக நேரம் தங்குவதில்லை. அவர் பீடியை விட்டாலும் சரி, வேப்புக்கு மாறினாலும் சரி, கல்லீரலின் அந்த வேகம் சில நாட்களில் குறைந்துவிடும். அதே ஐந்தாறு டீ இப்போது ரத்தத்தில் ஏறக்குறைய இருமடங்கு காஃபினை நிறுத்திவைக்கும். ‘பீடியை விட்டேன், தூக்கமே போச்சு’ என்று சொல்பவரின் குற்றவாளி பல வேளைகளில் அவர் கையில் இருக்கும் டீ கிளாஸ்தான். டீயைப் பாதியாகக் குறைத்தாலே தீரக்கூடிய தொல்லைக்காகப் பலர் மறுபடியும் பீடிக்குப் போகிறார்கள்.

வேப்பில் மட்டும் இருப்பது

பீடிக்கு முடிவு உண்டு. சில நிமிடத்தில் கங்கு விரலைத் தொடும். தூக்கிப் போட்டாக வேண்டும். அதற்கு நாற்றம் உண்டு. ஓலைக் கூரையும் பாயும் இருக்கும் வீட்டில் நெருப்புப் பயமும் உண்டு. இவை எல்லாம் சேர்ந்துதான் பீடியைத் திண்ணைக்கும் வாசலுக்கும் களத்துமேட்டுக்கும் தள்ளின. அடுத்த பீடிக்கு எழுந்து வெளியே போக வேண்டும் என்ற சோம்பல்கூட உறக்கத்துக்கு ஒரு காவலாக இருந்தது.

வேப் இந்தக் காவல்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. அதில் கங்கு இல்லை, சாம்பல் இல்லை, முடிவும் இல்லை. மாம்பழ வாசனையோ புதினா வாசனையோ சில விநாடியில் கலைந்துவிடும். போர்வைக்குள் இருந்தபடி, கைபேசியைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வோர் இழுப்பாக எவ்வளவு நேரமும் தொடரலாம். நள்ளிரவில் விழிப்பு வந்தால் கையை நீட்டினால் போதும். எத்தனை இழுத்தோம் என்ற கணக்கே இருக்காது. விடுதி அறையிலும் பத்துப் பேர் தங்கும் வாடகை வீட்டிலும் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

அளவும் கூடியிருக்கிறது. ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் போவது ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் நிக்கோட்டின். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் உள்ள 2 மில்லிலிட்டர் வேப்பிலேயே 40 மில்லிகிராம் இருக்கும். ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு ஈடாக அது சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் இதைப்போல மூன்று மடங்கு செறிவில் விற்றவையும் உண்டு. 2015க்குப் பிறகு பரவிய நிக்கோட்டின் உப்பு வகைகள் தொண்டையில் காரமே தெரியாமல் இறங்குபவை. முதல் பீடி இழுத்த பையனை இருமல் எச்சரித்தது. முதல் வேப் இழுக்கும் பையனுக்கு அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை.

அடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி. பீடியின் தீங்கு தெரிந்த தீங்கு. கள்ளத்தனமாக வரும் வேப்பின் உறையில் எழுதியிருப்பதைச் சோதிக்க இங்கே யாரும் இல்லை. 2019இல் அமெரிக்காவில் பரவிய வேப் தொடர்பான நுரையீரல் பாதிப்புக்கு அடுத்த பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆளானார்கள், அவர்களில் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவை கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சந்தைத் திரவத்தில் சேர்க்கப்பட்ட வைட்டமின் இ அசிட்டேட்டோடு தொடர்புடையவை என்று பிறகு தெரிந்தது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் வேப் வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். அங்கே அறுவைச் சிகிச்சையின்போது நினைவிழக்கச் செய்யப் பயன்படும் எட்டோமிடேட் மருந்து கலந்த வேப்கள் பிடிபட்டன. 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட்டைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துத் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். மயக்க மருந்து தரும் நினைவிழப்பு உறக்கம் அல்ல. உடலுக்கு அதில் ஓய்வு கிடைப்பதில்லை, உயிருக்கு ஆபத்து மட்டும் கிடைக்கிறது. வெளிநாடு போகும் பிள்ளையின் பெட்டியில் ஊறுகாய் வைக்கும் தாய் தந்தையர் இந்தச் செய்தியையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

வேப் பயன்படுத்துவோரின் உறக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மாணவர்களிடமும் இளைஞர்களிடமும் கேள்வித்தாள் கொடுத்துச் செய்தவை. அவற்றில் பல, வேப் பழக்கம் உள்ளவர்களின் தூக்கம் மற்றவர்களைவிட மோசமாக இருப்பதாகச் சொல்கின்றன. வேப்பால் தூக்கம் கெட்டதா, தூக்கம் கெட்டவர்கள் வேப்பை நாடினார்களா என்பதை அத்தகைய ஆய்வு மட்டும் பிரித்துச் சொல்லாது. ஆனால் நிக்கோட்டின் உறக்கத்தை என்ன செய்யும் என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. அதே நிக்கோட்டினைப் படுக்கை வரை கொண்டுவரும் கருவிக்கு விலக்குக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

மனத்தின் கணக்கு

‘டென்ஷன் குறைய’ என்பதுதான் இரண்டுக்கும் சொல்லப்படும் பொதுக் காரணம். வட்டிக்கடன், விளையாத கரும்பு, நிலுவையில் நிற்கும் ஆலைப் பணம், நிரந்தரமாகாத வேலை என்று கவலைகள் உண்மையானவை; அவற்றைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் இழுப்பு அந்தக் கவலைகளில் ஒன்றைக்கூடக் குறைப்பதில்லை. முந்தைய இழுப்பு வைத்துவிட்டுப் போன படபடப்பை மட்டும் ஆற்றுகிறது. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. புகையை விட்டவர்களிடம், தொடர்ந்தவர்களை விட, பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. மனச்சோர்வுக்கான மருந்துகள் தரும் பலனுக்கு நிகரான மாற்றம் அது. விட்டால் மனம் உடைந்துவிடும் என்ற பயத்துக்கு நேர்மாறான செய்தி.

இங்கே உறக்கம்தான் நடுக்கண்ணி. இரவு தூங்காதவருக்குப் பகலில் எரிச்சல் கூடும்; எரிச்சல் கூடினால் இழுப்பு கூடும்; இழுப்பு கூடினால் அடுத்த இரவும் போகும். இந்தச் சுற்றில் பீடிக்கும் வேப்புக்கும் வேறுபாடு இல்லை.

மாறினால் போதுமா?

பல ஆண்டுகளாகப் பீடி பிடிப்பவர் வேப்புக்கு மாறினால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். முழுவதுமாக மாறினால் நுரையீரலுக்குப் போகும் நச்சுகள் வெகுவாகக் குறையும். இங்கிலாந்தில் புகையை விடுவதற்கு வேப்பைப் பரிந்துரைக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீட்டிலும், நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் ஆகியவற்றைவிட வேப் மூலம் புகையை விட்டவர்கள் கூடுதல்.

ஆனால் அந்த முடிவு, உள்ளே என்ன இருக்கிறது என்று அரசு சோதிக்கும் பொருளுக்கு, மருத்துவ ஆலோசனையோடு பயன்படுத்தும் முறைக்குச் சொன்ன முடிவு. இங்கே சட்டப்படி கிடைக்காத, சோதிக்கப்படாத பொருளுக்கு அதைப் பொருத்த முடியாது. மேலும் பலர் முழுதாக மாறுவதில்லை. வெளியே சிகரெட், படுக்கையில் வேப் என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் புகையின் கேடும் குறையவில்லை, நிக்கோட்டினின் நேரமும் நீண்டுவிட்டது. முழுதாக மாறினாலும் உறக்கத்துக்கு விடுதலை இல்லை. பீடியே தொடாத இளைஞர் வேப்பைத் தொடுவதில் மாறுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை; அது புதிதாகக் கட்டுப்படுவது மட்டுமே.

விடும் மாதம்

எனவே இரண்டுக்கும் முடிவு ஒன்றே: நிக்கோட்டினை விடுவது. அந்த முயற்சி எங்கே தோற்கிறது என்பதைக் கவனித்தால், உறக்கம் பற்றிய இந்த ஒப்பீட்டின் பயன் தெரியும். விட்ட முதல் வாரம்தான் கடினம். தூக்கம் உடையும், கனவுகள் கனக்கும், விடியற்காலையில் விழிப்பு வரும். சில வாரங்களில், பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், இது அடங்கிவிடும். அடங்கும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லாததால், ‘எனக்கு இது ஒத்துவராது’ என்று ஐந்தாம் நாளே தோற்பவர்கள்தான் அதிகம். விடுபவருக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

செய்ய வேண்டியவை எளியவை. டீ, காப்பியைப் பாதியாகக் குறைத்து, மாலைக்குப் பிறகு தொடாமல் இருப்பது. பீடிக்கட்டையும் வேப்பையும் வீட்டுக்கு வெளியே அகற்றுவது. முழுதாக விடும் நாள் வரையிலாவது, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே நிறுத்திக்கொள்வது. இரவு விழித்தாலும் இழுக்காமல் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பது. நிக்கோட்டின் பட்டை பயன்படுத்துவோருக்குக் கனவுத்தொல்லை வந்தால், இரவில் கழற்றிவிடலாமா என்று மருத்துவரைக் கேட்பது. புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. மனநல உதவிக்கு டெலிமானஸ் எண் 14416. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நெஞ்சக நோய்க்கும் மனநலத்துக்கும் அங்கே போய்க் கேட்கலாம்.

அரசிடமும் ஒரு கோரிக்கை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த வருகையிலேயே இரண்டு கேள்விகளைச் சேர்க்கட்டும்: எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் பீடி அல்லது வேப்? தூங்கி எழுந்தால் ஓய்வெடுத்த மாதிரி இருக்கிறதா? ரத்தம் எடுக்க வேண்டாம், கருவி வேண்டாம். வீடு வீடாகக் கேட்பதன் வலிமையை உலகுக்குக் காட்டிய மாவட்டம் இது. அன்று கேட்டது இறந்தவர்களைப் பற்றி. விடைகள் அவர்களுக்குப் பயன்படவில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லப்போவது உயிரோடு இருப்பவர்கள். பதில் கிடைத்த அடுத்த வாரமே அவர்களுக்கு உதவி தொடங்க முடியும்.